லொறிக்குச் சிந்தெற்றிக் எஞ்சின் ஒயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் லொறி வைத்திருப்பவர்களும் ஓட்டுபவர்களும் எஞ்சின் ஒயில் பற்றிக் கராஜிலும் உதிரிப்பாகக் கடையிலும் என்னிடம் கேட்பவற்றில் ஓயாமல் திரும்பி வரும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் டீசல் லொறிகளுக்கு மட்டுமே உரியவை. பெற்றோல் வாகனங்களுக்கு இவற்றை அப்படியே பொருத்த வேண்டாம்.

சிந்தெற்றிக் ஒயில் எண்டா உண்மையில என்ன? சாதாரண ஒயிலில இருந்து என்னத்தில வித்தியாசம்?

எந்த எஞ்சின் ஒயிலிலும் பெரும்பங்கு அடிப்படை எண்ணெய்தான். எஞ்சியது அழுக்கைக் கரைத்து வைத்திருப்பவை, அமிலத்தை முறிப்பவை, தேய்மானத்தைத் தடுப்பவை ஆகிய சேர்மானங்கள். சாதாரண ஒயில், அதாவது மினரல் ஒயிலின் அடிப்படை எண்ணெய், நிலத்திலிருந்து எடுக்கும் மசகு எண்ணெயிலிருந்து (கச்சா எண்ணெய்) பிரித்துச் சுத்திகரிக்கப்படுவது. அதில் சிறிதும் பெரிதுமான மூலக்கூறுகள் கலந்தே இருக்கும். சிந்தெற்றிக்கில் அவை சுளகில் புடைத்துத் தெரிந்த அரிசிபோல ஏறக்குறைய ஒரே அளவாக இருப்பதால், சூட்டில் ஆவியாகிக் குறைவதும், ஒட்சியேற்றத்தால் தடித்துப் பிசினாவதும் குறைவு. ஒவ்வொரு 10 பாகை சூடு கூடும்போதும் ஒயில் ஒட்சியேறும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பதை நினைவில் வைத்தால், டேர்போ (சூடான புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் காற்றைத் தள்ளும் கருவி) பூட்டிய எஞ்சினில் இது எவ்வளவு பெறுமதியானது என்பது விளங்கும்.

கானில் ‘சிந்தெற்றிக்’ என்று எழுதியிருப்பது எல்லாம் ஒரே பொருள் அல்ல. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனமாகிய ஏபிஐ அடிப்படை எண்ணெய்களை ஐந்து தொகுதிகளாக வகுத்துள்ளது. நான்காம் தொகுதி முழுக்க இரசாயன முறையில் கட்டப்பட்டது; மூன்றாம் தொகுதி மசகு எண்ணெயையே ஐதரசனுடன் கடுமையாகப் பதப்படுத்திப் பெறுவது. மூன்றாம் தொகுதியைச் சிந்தெற்றிக் என்று விற்கலாமா என்று மொபில் நிறுவனம் காஸ்ரோலுக்கு எதிராக முறையிட்டபோது, 1999 இல் அமெரிக்காவின் விளம்பர ஆய்வு அமைப்பு காஸ்ரோலின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இன்று கடையில் கிடைப்பவற்றில் மிகப் பல அந்த மூன்றாம் தொகுதிதான். அது மோசமான ஒயில் அல்ல. ஆனால் நான்காம் தொகுதியின் விலையைக் கொடுத்து வாங்கத் தேவையும் இல்லை. ‘செமி சிந்தெற்றிக்’ என்பதில் எத்தனை வீதம் சிந்தெற்றிக் இருக்க வேண்டும் என்று நிலையான அளவு எதுவும் கிடையாது.

கானில 15டபிள்யூ-40 எண்டு போட்டிருக்கே, அது என்ன கணக்கு?

பின்னால் உள்ள 40 எஞ்சின் சூடாகி ஓடும்போது ஒயிலின் தடிப்பைக் குறிக்கிறது: 100 பாகை செல்சியசில் 12.5 முதல் 16.3 சென்ரிஸ்ரோக்சுக்குள் இருந்தால் அது 40, 9.3 முதல் 12.5 வரை இருந்தால் 30. முன்னால் உள்ள 15டபிள்யூ குளிரில் இளகி ஓடும் தன்மையைக் குறிக்கிறது. டபிள்யூ என்ற எழுத்துப் பனிக்காலத்துக்கானது. 15டபிள்யூ ஒயில் எஞ்சினைச் சுழற்ற விடுகிறதா என்பதை மறை 20 பாகையிலும், 5டபிள்யூ ஒயிலை மறை 30 பாகையிலும் சோதிக்கிறார்கள்.

அப்ப எங்கட வெயிலுக்கு 5டபிள்யூ தேவையே?

குளிருக்காகத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் மார்கழிப் பனியிலும் இரவு வெப்பநிலை 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. மரக்கறி ஏற்ற நுவரெலியா போகும் லொறிகூட மறை 20 பாகையைக் காணப் போவதில்லை. சிந்தெற்றிக்கின் விளம்பரங்களில் பாதியளவு பனிக்காலக் காலைகளைப் பற்றியவை. அந்தப் பாதிக்கு நாங்கள் பணம் கொடுத்துப் பயனில்லை. எங்களுக்குப் பயன்படுவது மற்றப் பாதி, அதாவது சூட்டைத் தாங்கும் குணம். கையேடு 5டபிள்யூ கேட்கிறது என்றால் அதையே ஊற்ற வேண்டும். கேட்கவில்லை என்றால் அந்த எண்ணுக்காக மேலதிகமாகச் செலவழிக்க வேண்டாம்.

சிஐ-4, சிகே-4 எண்டெல்லாம் கிடக்கு. புதுசுதானே எப்பவும் நல்லது?

கானில் முதலில் பார்க்க வேண்டியது இந்த எழுத்துகளைத்தான். சிந்தெற்றிக் என்ற சொல்லையும் கம்பனியின் பெயரையும் அதற்குப் பிறகு பார்க்கலாம். ஏபிஐ தரங்களில் ‘சி’ டீசலைக் குறிக்கும். சிஎச்-4 1998 இலும், சிஐ-4 2002 இலும், சிஜே-4 2006 இலும், சிகே-4 2016 இறுதியிலும் வந்தன. ஜப்பானிய லொறிகளின் புத்தகத்தில், ஜப்பானின் சொந்தத் தரமாகிய ஜாசோவின்படி டிஎச்-1, டிஎச்-2 என்று இருக்கும். டிஎச்-2 என்பது புகைப்போக்கியில் கரிவடிகட்டி உள்ள லொறிகளுக்கு உரியது.

பொதுவாகப் புதிய தரம் பழையதன் இடத்தை நிரப்பும் என்பது சரி. ஆயினும் எங்கள் டீசலை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சிஐ-4 நிறையில் 0.5 வீதம் வரை கந்தகம் உள்ள டீசலை மனத்தில் வைத்து எழுதப்பட்ட தரம். சிஜே-4, சிகே-4 இரண்டும் 500 பிபிஎம், அதாவது 0.05 வீதம் வரையான டீசலுக்கு எழுதப்பட்டவை. 15 பிபிஎம்மைத் தாண்டினாலே ஒயில் மாற்றும் இடைவெளி பாதிக்கப்படலாம் என்று ஏபிஐயே சொல்கிறது. கந்தகம் எரிந்து அமிலமாகிறது. அந்த அமிலத்தை முறிக்க ஒயிலில் காரச் சேர்மானம் வேண்டும். ஆனால் அந்தச் சேர்மானம் எரிந்தால் சாம்பல் மிஞ்சிக் கரிவடிகட்டியை அடைத்துவிடும் என்பதால், புதிய தரங்களில் சாம்பலுக்கு 1.0 வீதம் என்று வரம்பு வைத்தார்கள். ஆகவே கரிவடிகட்டி இல்லாத, சாதாரண ஒட்டோ டீசலில் ஓடும் பழைய லொறிக்கு நல்ல சிஐ-4 ஒயில் குறைந்த தெரிவு அல்ல. பல வேளைகளில் அதுவே பொருத்தமானது. கரிவடிகட்டி உள்ள லொறிக்கு மாத்திரம் இந்த நியாயத்தைச் சொல்லிச் சிஐ-4 ஊற்றக் கூடாது.

என்ர லொறி பழசு. சிந்தெற்றிக் ஊத்தினா லீக் அடிக்கும் எண்டு சொல்லுகினம், உண்மையோ?

பாதி உண்மை. எஞ்சினில் ஒயில் கசியாமல் தடுக்கும் றப்பர் சீல்களைச் சிந்தெற்றிக் ஒயில் அரிப்பதில்லை. ஆனால் பல ஆண்டுகள் மினரலில் ஓடிய எஞ்சினில் கடினமாகிப்போன சீலின் ஓரத்தைப் பழைய கசடு அடைத்துக்கொண்டிருக்கும். புதிய ஒயிலின் அழுக்கு நீக்கி அந்தக் கசடைக் கழுவியதும், ஏற்கெனவே இருந்த ஒழுக்கு வெளியே தெரிகிறது. கறுத்த கசடு தடித்த எஞ்சினில் ஒரேயடியாகச் சிந்தெற்றிக்குக்கு மாறினால், முதல் ஒயிலைப் பாதி இடைவெளியிலேயே பில்டருடன் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது.

கிழமைக்கு ஒரு லீற்றர் ஒயில் குடிக்கும் எஞ்சினுக்குச் சிந்தெற்றிக் ஊற்றுவது வீண் செலவு. அதற்கு முதலில் தேவை பிஸ்ரன் றிங்.

மினரலுக்கு 5000, சிந்தெற்றிக்குக்கு 10000 கிலோமீற்றர் எண்டு கடையில சொன்னவை. அப்பிடியே ஓடலாமோ?

அந்த எண்கள் எந்த லொறிக்கும் உரியவை அல்ல. உற்பத்தியாளரின் கையேட்டில் இரண்டு அட்டவணைகள் இருக்கும்: சாதாரண பாவனைக்கு ஒன்று, கடுமையான பாவனைக்கு மற்றது. தூசி, அதிக சுமை, எஞ்சினை நிறுத்தாமல் காத்து நிற்பது, குறுந்தூர ஓட்டம் ஆகியவற்றில் ஏதாவது வழக்கமாக இருந்தால் இரண்டாவது அட்டவணையே உங்களுடையது. நான் பார்த்த அளவில் குடாநாட்டு லொறிகளில் பெரும்பாலானவை அதற்குள்தான் அடங்குகின்றன.

கிலோமீற்றர் தனியே ஏன் ஏமாற்றும் என்பதை இரண்டு லொறிகளை வைத்துப் பாருங்கள். குருநகரில் மீன் ஏற்றி ஏ-9 வழியாகக் கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொடைக்குப் போய்த் திரும்பும் லொறி, ஒரு சுற்றில் ஏறத்தாழ 800 கிலோமீற்றர் ஓடுகிறது. எஞ்சின் 20 மணித்தியாலம் இயங்கியதாக வைத்தால், 5000 கிலோமீற்றர் ஆகும்போது அந்த ஒயில் 125 மணித்தியாலம்தான் வேலை செய்திருக்கும். வடமராட்சி கிழக்கில் மணல் ஏற்றும் ரிப்பர் நாளுக்கு 80 கிலோமீற்றர்தான் ஓடும். ஆனால் ஏற்றும்போதும் காத்திருக்கும்போதும் பெட்டியைத் தூக்கும்போதும் எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பதால் நாளுக்கு 7 மணித்தியாலம் என்று வையுங்கள். அதே 5000 கிலோமீற்றரில் அதன் ஒயில் 437 மணித்தியாலம் வேலை செய்துவிடும். மினரல் ஒயிலுக்குப் பரவலாகக் கொள்ளப்படும் 250 மணித்தியாலத்தை வைத்தால், மீன் லொறி 10000 கிலோமீற்றர் வரை போகலாம், ரிப்பர் 2900ஐ எட்டுமுன்பே நிற்க வேண்டும்.

மணித்தியாலக் கணிப்பான் இல்லாத லொறியில், எஞ்சின் ஓடியபடி சும்மா நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலத்தையும் 40 முதல் 50 கிலோமீற்றராக எழுதிக் கூட்டிக்கொள்ளலாம். அதற்கு ஒரு கொப்பி போதும்.

விலை இரண்டரை மடங்கு. கணக்குப் பாத்தா லாபமோ நட்டமோ?

ரூபாய்க் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறுவதால் மடங்குகளிலேயே பார்ப்போம். ஒயிலின் விலை இரண்டரை மடங்கு என்றால், மாற்றும் இடைவெளியும் இரண்டரை மடங்கானால்தான் ஒயில் செலவு சமனாகும். இடைவெளி நீளும்போது பில்டர், கூலி, லொறி ஓடாமல் நிற்கும் அரைநாள் ஆகியவையும் குறைவதால், ஏறத்தாழ இரண்டு மடங்கிலேயே சமன் வரலாம்.

மேலே சொன்ன மீன் லொறி போன்றவற்றுக்கு இது சாத்தியம். அவை ஒரே வேகத்தில், தூசி குறைந்த வீதியில், நன்றாகச் சூடேறி ஓடுகின்றன. ரிப்பரின் ஒயிலைக் கெடுப்பவை மண்ணும் கரியும். அவை சிந்தெற்றிக்கையும் அதே வேகத்தில் கெடுக்கும் என்பதால் இடைவெளியை நீட்ட முடியாது, போட்ட காசும் திரும்பாது. உள்ளூரில் ஓடும் ரிப்பருக்கு நல்ல மினரல் ஒயிலை அடிக்கடி மாற்றுவதையே நான் சொல்லுவேன். கையேடு சிந்தெற்றிக்தான் என்று கட்டாயமாகக் கேட்கும் புதிய எஞ்சின்களுக்கு இந்தக் கணக்கே எழாது.

மாத்தி மூண்டு நாளில ஒயில் கறுத்துப் போச்சு. கள்ள ஒயிலோ?

டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பது, கரியை அது தன்னுள் தாங்கி வைத்திருக்கிறது என்பதற்கு அடையாளம். நிறத்தைப் பார்த்து ஒயிலை மதிப்பிட முடியாது. பால்கோப்பி நிறத்தில் வந்தால் ரேடியேற்றர் தண்ணீர் கலக்கிறது என்று சந்தேகித்து உடனே நிறுத்த வேண்டும்.

வழியில ஒயில் குறைஞ்சா வேற கம்பனி ஒயில் விடலாமோ? மினரலும் சிந்தெற்றிக்கும் கலக்கலாமோ?

விடலாம். ஏபிஐ தரம் பெற்ற எஞ்சின் ஒயில்கள் ஒன்றோடொன்று பிரியாமல் கலக்க வேண்டும் என்பது அந்தத் தரத்தின் நிபந்தனைகளில் ஒன்று. மாங்குளத்தில் ஒயில் அளவு கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிட்டால், கிடைக்கும் 15டபிள்யூ-40 டீசல் ஒயிலை விட்டுப் பயணத்தைத் தொடருங்கள். குறைந்த ஒயிலுடன் வவுனியா வரை போவதைவிட அது ஆயிரம் மடங்கு மேல். கலந்த பிறகு நீட்டிய இடைவெளியை எதிர்பார்க்காமல், மினரலுக்குரிய கணக்கிலேயே மாற்றிவிட வேண்டும்.

அளவு பார்க்கும்போது லொறியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். மேற்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதியே: சுழலும் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும், நுரைத்த ஒயிலுக்கு அழுத்தம் நிற்காது.

ஒவ்வொரு முறையும் பில்டர் மாத்தத்தான் வேணுமோ?

மாற்ற வேண்டும். அடைத்த பில்டர் ஒயிலை நிறுத்தாது. அதிலுள்ள அடைப்பிதழ் திறந்து வடிகட்டாத ஒயிலையே எஞ்சினுக்குள் விட்டுவிடும், சாரதிக்கு அது தெரியவும் வராது. இடைவெளியை நீட்டுபவர்கள் அந்தத் தூரத்தைத் தாங்கும் பில்டரையும் வாங்க வேண்டும். சம்ப் (எஞ்சினின் அடியில் ஒயில் தேங்கும் தொட்டி) போல்ட்டின் செப்பு வொஷரையும் அதே நேரத்தில் மாற்றுங்கள்.

30 இலக்க ஒயில் டீசல் மிச்சம் பிடிக்கும் எண்டினம். 40ஐ விட்டிட்டு மாறலாமோ?

மிச்சம் உண்மைதான், ஆனால் அது ஒரு சதவீதத்தை ஒட்டிய அளவிலேயே இருக்கும். மெல்லிய ஒயில் உராய்வைக் குறைப்பதற்குக் கைமாறாக பேரிங்குகளுக்கு இடையிலுள்ள படலத்தையும் மெல்லியதாக்குகிறது. கடும் சூட்டிலும் கடும் வேகத்திலும் அளக்கும் தடிப்பில் 15டபிள்யூ-40 குறைந்தது 3.7 (இது வேறு அலகு, மில்லிப்பாஸ்கல்-செக்கன்) இருக்க வேண்டும். 2016 இல் சிகே-4 உடன் வந்த எஃப்ஏ-4 என்ற மெல்லிய தரத்தில் அது 2.9 முதல் 3.2 வரைதான். எஃப்ஏ-4 பழைய எஞ்சின்களுக்கு உரியது அல்ல. சிஐ-4க்குப் பதிலாகவோ சிகே-4க்குப் பதிலாகவோ அதைப் பயன்படுத்தக் கூடாது. கையேட்டில் 30 அனுமதிக்கப்பட்டிருந்தாலொழிய மாற வேண்டாம். ரயரில் காற்றைச் சரியாக வைத்திருந்தாலே அந்த மிச்சத்தைப் பிடித்துவிடலாம்.

சூப்பர் டீசல் அடிச்சா ஒயில் கனகாலம் நிக்குமோ?

சிஐ-4 பற்றிய பதிலில் கந்தகத்தைப் பற்றிச் சொன்னதன் தொடர்ச்சிதான் இது. சூப்பர் டீசலாக விற்கப்படும் யூரோ 4 தரத்து டீசலில் கந்தகம் 50 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது. சாதாரண ஒட்டோ டீசலில் அதைவிடக் கூட. கந்தகம் குறைந்தால் ஒயிலின் காரச் சேர்மானம் மெதுவாகத் தீரும் என்பதால், சூப்பர் டீசல் ஒயிலுக்கு நல்லது. ஆனால் டீசலின் விலை வித்தியாசம் ஒயிலில் மிஞ்சும் காசைவிடப் பெரியது. கரிவடிகட்டி உள்ள லொறிக்குச் சூப்பர் டீசல் அவசியம், மற்றவற்றுக்கு ஒயிலை மட்டும் காரணம் காட்டி அதை அடிக்க வேண்டியதில்லை.

பொருளாதாரத் தடை இருந்த காலத்தில கிடைச்ச ஒயிலை ஊத்தி, மண்ணெண்ணெயில எல்லாம் ஓடினாங்கள்தானே? அப்ப எஞ்சின் நிண்டது, இப்ப மட்டும் ஏன் இவ்வளவு கதை?

தொண்ணூறுகளில் குடாநாட்டு மெக்கானிக்மார் காட்டிய கைவண்ணத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அந்த எஞ்சின்கள் ஓடியது, பாகங்களுக்கிடையே இடைவெளி அதிகமாகவும், டீசல் விசிறும் அழுத்தம் குறைவாகவும், பலவற்றில் டேர்போவே இல்லாமலும் இருந்ததால். அவையும் சும்மா ஓடவில்லை. அடிக்கடி கழற்றிப் பூட்டப்பட்டன. டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் விசிறும் இன்றைய கொமன் ரெயில் எஞ்சினின் டேர்போ நிமிடத்துக்கு ஒரு இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழலக்கூடியது. அதன் தண்டைத் தாங்குவது ஒயில் படலம் ஒன்றுதான்.

ஜப்பானில இருந்து வந்த லொறி. ஒயில் குறையிறதுக்குப் பதிலா கூடுது. என்ன மாயம்?

கரிவடிகட்டி நிரம்பியதும் அதை எரித்துத் துப்புரவாக்க, எஞ்சின் சிலிண்டருக்குள் பிந்தி ஒருமுறை டீசல் விசிறுகிறது. அந்தச் சூடாக்கல் நடக்கையில் சாவியை நிறுத்திவிட்டாலோ, லொறி குறுந்தூரமே ஓடி அது அடிக்கடி நடந்தாலோ, எரியாத டீசல் சிலிண்டர் சுவரால் வழிந்து சம்ப்பில் சேர்ந்து ஒயிலை மெல்லியதாக்கும். அளவுக்கம்பியில் மட்டம் ஏறியிருந்து, மணத்தில் டீசல் தெரிந்தால், கிலோமீற்றர் எவ்வளவாயினும் ஒயிலை மாற்ற வேண்டும். சிந்தெற்றிக் என்பதால் இதில் எந்தச் சலுகையும் கிடையாது. கரிவடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு எரியும்போது ஏ-32இல் பூநகரிப் பக்கம் ஒரு நீண்ட ஓட்டம் விட்டு அந்த வேலையை முடிக்க விடுவது, யாழ் நகருக்குள் நெரிசலில் அணைத்து அணைத்து ஓடுவதைவிட எவ்வளவோ நல்லது.

கள்ள ஒயிலை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

நிறமும் மணமும் பிசுபிசுப்பும் எதையும் நிரூபிக்காது. மூடியின் வளையம் முன்பே உடைந்திருக்கிறதா, மூடிக்கடியிலுள்ள தகடு ஒட்டியபடி இருக்கிறதா, கானிலும் மூடியிலும் உள்ள உற்பத்தித் தொகுதி இலக்கங்கள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். வெறுங்கானை அப்படியே பழைய சாமான்காரரிடம் கொடுக்காமல், ஆணியால் குத்தித் துளைத்துவிட்டுக் கொடுங்கள்.

லொறி கனநாள் நிண்டிட்டு, ஓட்டமில்லை. ஒயிலை விடலாம்தானே?

ஆண்டுக்கு ஒருமுறையாவது மாற்றுவது நல்லது. நிற்கும் எஞ்சினில் மாரிக்கால ஈரம் ஒயிலில் சேரும். பழைய ஒயிலிலுள்ள அமிலம் பேரிங்கை அரிக்கும். கிழமைக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்ராட் பண்ணி நிறுத்துவது ஈரத்தைக் கூட்டுமே தவிரக் குறைக்காது.

கழட்டின ஒயிலை என்ன செய்யிறது?

மூடியுள்ள பரலில் சேர்த்து, கழிவொயில் எடுப்பவர்களிடம் கொடுக்க வேண்டும். வேலிக்கரையில் ஊற்றுவதும், புழுதி அடங்கத் தெளிப்பதும் கூடவே கூடாது. எங்கள் நிலத்தடி நீர் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இருக்கிறது. மேலே ஊற்றியது கிணற்றுக்கு வர அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்தில் கிணறுகளில் ஒயில் கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2019 இல்தான் நட்டஈட்டுத் தீர்ப்பு வந்தது.

இடைவெளியை நீட்டத்தான் போறன். எஞ்சினுக்குப் பாதகமில்லை எண்டு எப்பிடி உறுதிப்படுத்துறது?

ஒயிலைப் பரிசோதிப்பதே வழி. சில ஒயில் கம்பனிகள் தங்கள் பெரிய வாடிக்கையாளர்களுக்கு இதைச் செய்துகொடுக்கின்றன. ஒன்றுக்கு மேற்பட்ட லொறி வைத்திருப்பவர்கள் விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டுப் பார்க்கலாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது, ஒழுகும் ஒயிலின் முதல் பகுதியை விட்டுவிட்டு நடுவில் சுத்தமான போத்தலில் பிடிக்க வேண்டும். சம்ப்பின் அடியிலுள்ள கசடைப் பிடித்தால் முடிவு பிழைக்கும்.

அறிக்கையில் காரத்தன்மை எண்ணைப் பாருங்கள்: புதிய ஒயிலில் 10 ஆக இருந்தது பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால், அந்த இடைவெளி உங்கள் டீசலுக்குக் கூடிப்போய்விட்டது. இரும்பு கூடியிருந்தால் தேய்மானம். இரும்புடன் சிலிக்கனும் சேர்ந்து ஏறியிருந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஒயில் அல்ல, காற்று பில்டரின் வழியே போன மண். எயார் கிளீனரின் குழாயையும் கிளிப்பையும் பார்க்க வேண்டும். சோடியம், பொட்டாசியம் ஏறினால் ரேடியேற்றர் திரவம் கசிகிறதா என்று தேடுங்கள்.

ஒரு அறிக்கையை வைத்து இடைவெளியை இரட்டிப்பாக்காதீர்கள். முதலில் பழைய இடைவெளியிலேயே ஒரு மாதிரி எடுத்து, எண்கள் நன்றாக இருந்தால் கால்வாசி கூட்டி, மறுபடி மாதிரி எடுத்துப் பாருங்கள். மாரியிலும் கோடையிலும் தனித்தனியே பார்த்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஆடிக் காற்றில் புழுதி வேறு கணக்கு. உத்தரவாதக் காலம் முடியாத லொறியில் இந்தப் பரீட்சை எதுவும் வேண்டாம். முகவரின் புத்தகத்தில் எழுதியுள்ள கிலோமீற்றரில் மாற்றி, முத்திரை குத்தி வாங்கி வையுங்கள்.